கட்டற்ற மென்பொருளைத் தேர்வு செய்யும் முன்: வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரு சோதனை முறை

அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ ஒரு கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தவும் நிரலைப் படித்து மாற்றவும் உரிமை தருவதை, தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதன் வசதிப் பட்டியலையும், விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளுக்கு அது மாற்று என்பதையும்தான். இவ்விரண்டையும் கடைசியில் பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. நம் கணக்குகளையும் கடிதங்களையும் படங்களையும் பல ஆண்டுகளுக்கு ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்றால், அதை இன்று யார் பராமரிக்கிறார்கள் என்பதும், நாளை அது வேண்டாமென்று தோன்றினால் நம் கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்பதும்தான் முதலில் தெரிய வேண்டியவை. காசு கொடுக்காமல் கிடைக்கிறது என்பது வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் தேர்வுக்கு அது ஒரு காரணமாகாது.

முதலில் வேலையை எழுதுங்கள்

எந்த மென்பொருளின் பெயரையும் தேடுவதற்கு முன், செய்ய வேண்டிய வேலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "போட்டோஷாப்புக்கு மாற்று வேண்டும்" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. "மாதம் ஒருமுறை நாற்பது பக்கச் சிற்றிதழ் ஒன்றை வடிவமைக்க வேண்டும், அச்சகம் நால்வண்ண (சிஎம்ஒய்கே) முறையில் பிடிஎஃப் கேட்கிறது, கட்டுரைகள் வேர்டு கோப்புகளாக வருகின்றன" என்று எழுதினால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஜிம்ப் புகைப்படங்களைத் திருத்துவதற்குச் சிறந்த கருவி, ஆனால் நால்வண்ண முறையிலேயே முழு வேலையையும் செய்வதற்கு உரியதன்று. ஓவியம் வரைகிறவருக்கு கிரிட்டா பொருந்தும், அதில் நால்வண்ண முறையும் உண்டு. பக்க வடிவமைப்புக்கு இவ்விரண்டும் தேவையில்லை, ஸ்க்ரைபஸ்தான் தேவை. இணையத்தில் கிடைக்கும் "சிறந்த பத்து மாற்றுகள்" வகைப் பட்டியல்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு விலைமென்பொருளின் பெயருக்கு நேராக ஒரு கட்டற்ற மென்பொருளின் பெயரை வைப்பதோடு அவை நின்றுவிடுகின்றன.

அந்தத் தாளிலேயே, இந்த வேலையில் உங்களோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்பவர்கள் யார் யார் என்பதையும் குறித்துவையுங்கள். தணிக்கையாளர், அச்சகத்தார், தலைமை அலுவலகம், பள்ளி ஆகியோர் எந்த வடிவத்தில் கோப்பைக் கேட்கிறார்கள் என்பதை நீங்கள் மாற்ற முடியாது.

உரிமத்தைப் படித்தல்

மூலநிரல் (நிரலாளர்கள் எழுதிய, படிக்கத்தக்க நிரல்) வைக்கப்பட்டுள்ள இணையக் களஞ்சியத்தின் முகப்பிலேயே உரிமக் கோப்பு இருக்க வேண்டும். ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி 2.0, மொசில்லா பொது உரிமம் ஆகியவற்றில் ஒன்று அங்கே இருந்தால், எந்த நோக்கத்துக்கும் அந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம், நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிறருக்கும் கொடுக்கலாம். வேறொரு பெயர் இருந்தால், 1998-இல் தொடங்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பின் ஏற்புப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்" என்ற வரி எங்காவது தென்பட்டால் அது கட்டற்ற மென்பொருள் அன்று. அலுவலகக் கணினியில் அதை நிறுவுவது உரிம மீறலாகவே முடியலாம்.

ஜிபிஎல் உரிமத்தைக் கண்டு அஞ்சும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த உரிமத்தின் கீழ் வரும் மென்பொருளால் நீங்கள் உருவாக்கும் ஆவணமோ படமோ கணக்கேடோ உங்களுக்கே உரியது. அதை வெளியிடுமாறு உரிமம் கேட்பதில்லை. மென்பொருளையே, மாற்றியோ மாற்றாமலோ, பிறருக்கு வழங்கும்போதுதான் மூலநிரலையும் தர வேண்டிய கடமை வருகிறது. ஏஜிபிஎல் உரிமத்தில், மாற்றிய மென்பொருளை இணையச் சேவையாக நடத்தினாலும் அக்கடமை உண்டு. எனவே வலைச்சேவை நடத்தும் நிறுவனங்கள் மட்டும் இவ்விடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும்.

இன்றைய உரிமம் நாளையும் இருக்குமா என்ற கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் மேகக் கணினிகளை அமைக்க உதவும் டெராஃபார்ம் கருவியின் உரிமத்தைத் திறந்த மூல (கட்டற்ற) உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடு உள்ள ஒன்றுக்கு மாற்றியது. பயனர்களும் சில நிறுவனங்களும் சேர்ந்து பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கிளையை, அதாவது அதே நிரலைக் கொண்டு தனியே வளரும் திட்டத்தை, தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்னும் தரவுத்தளமும் இப்படியே உரிமம் மாற, வால்கீ என்ற கிளை பிறந்தது. ஒரு மென்பொருளின் பதிப்புரிமை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்து, பங்களிப்பவர்கள் எல்லாரும் தம் உரிமையை அந்நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருந்தால், இத்தகைய மாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் போலப் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும் திட்டத்தில் அது ஏறத்தாழ முடியாத காரியம்.

திட்டம் உயிரோடு இருக்கிறதா?

பெயர் பரவலாகத் தெரிந்திருப்பதும் திட்டம் உயிர்ப்போடு இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அலுவலகத் தொகுப்புகளின் கதை நல்ல சான்று. 2010-இன் தொடக்கத்தில் ஓப்பன் ஆபீஸ் தொகுப்பை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், அதை உருவாக்கிவந்தவர்களில் பலர் விலகி, அதே ஆண்டு செப்டம்பரில் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆரக்கிள் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2014-இல் வந்த அதன் 4.1 பதிப்புக்குப் பிறகு சிறு திருத்தப் பதிப்புகளே வந்துகொண்டிருக்கின்றன. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்க முடிந்தாலும் அந்த வடிவத்தில் சேமிக்க இன்னும் முடிவதில்லை. லிப்ரே ஆபீஸோ ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஆனாலும் பழைய பெயரின் புகழால் இன்றும் பலர் ஓப்பன் ஆபீஸைத் தேடி இறக்கி, "கட்டற்ற மென்பொருள் என்றாலே இப்படித்தான்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி, ஏனெனில் பதிப்பு வரலாற்றுப் பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அவர்கள் வேறு முடிவை எடுத்திருப்பார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை இவை. கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, அதற்கு முந்தையது எப்போது என்று பாருங்கள். இடைவெளி சீராக இருப்பது நல்லது. கடந்த ஓராண்டில் நிரலில் மாற்றம் செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவர் விலகினால் வேலை நிற்குமா என்று பாருங்கள். பயனர்கள் பதிவு செய்யும் பிழைகளின் பட்டியலான வழுப் பட்டியலைத் திறந்து, திறந்திருக்கும் வழுக்களின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சாமல், அண்மையில் பதிவான சிலவற்றுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று படியுங்கள். பெரிய திட்டங்களில் ஆயிரக்கணக்கான வழுக்கள் பதிவாகியிருப்பது இயல்பு. பதிலே இல்லாத அமைதிதான் கெட்ட அறிகுறி. களஞ்சியத்துக்குப் பயனர்கள் விருப்பக்குறியாக இட்ட நட்சத்திரங்களின் எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. மிகச் சிறிய கருவி ஒன்று ஈராண்டாக மாறாமல் இருப்பது அது முழுமையடைந்துவிட்டது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். இணையத்தோடு பேசும் உலாவியோ மின்னஞ்சல் செயலியோ அப்படி இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பராமரிப்பாளரின் நிலையும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவி ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளிலும்) இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் ஒருவரே பராமரித்துவந்தார். உதவ வந்ததுபோல் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளராகி, 2024-இன் தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவை, அதாவது பிறர் கணினிக்குள் மறைவாக நுழையும் வழியை, ஒளித்துவைத்தார். தம் கணினியில் தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் காரணத்தைத் துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனை வரிசைவரை வந்திருந்தன; பொதுப் பயன்பாட்டுக்கான நிலை வரிசைக்கு வந்திருக்கவில்லை. நிரல் திறந்திருந்ததால்தான் ஒருவரால் துருவிப் பார்க்க முடிந்தது. தனி ஒருவர் தோளில் பாரம் முழுவதும் விழுந்திருந்ததால்தான் இன்னொருவர் உள்ளே நுழையவும் முடிந்தது. எனவே வேலைக்கான கணினியில் நிலைப்பதிப்புகளையே நிறுவுங்கள். புதியது வந்த அன்றே மாற வேண்டிய தேவை, பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர, உங்களுக்கு இல்லை.

எங்கிருந்து இறக்குவது

தேடுபொறியில் முதலில் வரும் முகவரியை நம்பி இறக்காதீர்கள். விளம்பரமாக வரும் முகவரியை ஒருபோதும் நம்பாதீர்கள். 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், ஜிம்ப்பின் விண்டோஸ் பதிப்புக்கான கைவிடப்பட்ட கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நிறுவியோடு விளம்பர மென்பொருளையும் சேர்த்து வழங்கியது. ஜிம்ப் குழுவினர் வெளிப்படையாகக் கண்டித்தபின்தான் அது நின்றது. திட்டத்தின் சொந்தத் தளம், லினக்ஸ் என்றால் வழங்கலின் சொந்தக் களஞ்சியம், ஆண்ட்ராய்டு என்றால் எஃப்-ட்ராய்டு என்னும் செயலிக் கிடங்கு ஆகியவையே முதல் தேர்வாக இருக்கட்டும். எஃப்-ட்ராய்டு செயலிகளை மூலநிரலிலிருந்து தானே உருவாக்குவதோடு, விளம்பரமோ கண்காணிப்போ இருந்தால் அந்தச் செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கையும் இடுகிறது.

கைப்பேசிச் செயலிகளில் உரிமையாளர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். பலரும் விரும்பிப் பயன்படுத்திய சிம்பிள் மொபைல் டூல்ஸ் தொகுப்பு 2023-இன் இறுதியில் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் கட்டற்ற நிரலைக் கொண்டு ஃபாசிஃபை என்ற பெயரில் அதே கருவிகளைச் சிலர் தொடர்ந்து உருவாக்கிவருகிறார்கள்.

தமிழ்க் கோப்போடு சோதித்தல்

பிற மொழிகளில் எழுதப்பட்ட மதிப்பாய்வுகள் சொல்லாத பகுதி இது. இங்கேதான் நாம் அதிக நேரம் செலவிட வேண்டும். மெனுக்கள் தமிழில் வருகின்றனவா என்பது இரண்டாம் கேள்வி. நாம் தட்டச்சு செய்த தமிழை அந்த மென்பொருள் சிதைக்காமல் காட்டுகிறதா, தேடுகிறதா, வரிசைப்படுத்துகிறதா, அச்சிடுகிறதா என்பதே முதல் கேள்வி.

ஒரு சோதனைக் கோப்பை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். "கொக்கு, கோயில், கௌரவம், லக்ஷ்மி, ஸ்ரீரங்கம், தூது, நுங்கு" ஆகிய சொற்களைத் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். மென்பொருளில் ஒட்டியதும் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, உகர ஊகாரங்கள் எழுத்தோடு இணைகின்றனவா, புள்ளி வட்டமாகத் தனியே தொங்காமல் எழுத்தின் மேல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசை இந்தச் சோதனையில் தோற்றது. எழுத்துகளை இணைத்துக் காட்டும் ஆற்றல் 1.5 வரிசையில் சேர்ந்து, 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலைப்பதிப்பில் அனைவருக்கும் கிடைத்தது. "ஸ்க்ரைபஸில் தமிழ் வராது" என்று எவராவது சொன்னால் அவர் எந்தப் பதிப்பைப் பார்த்தார் என்று கேளுங்கள்.

அடுத்தது வரிசைப்படுத்தல். விரிதாளின் ஒரு நெடுவரிசையில் "மனம், மரம், பள்ளி, பழம்" என்று எழுதி அகரவரிசைப்படுத்துங்கள். பழம், பள்ளி, மரம், மனம் என்று வந்தால் மென்பொருளுக்குத் தமிழ் நெடுங்கணக்கு தெரிந்திருக்கிறது. பள்ளி முதலிலும் மனம் மரத்துக்கு முன்பும் வந்தால் அது யூனிகோட் எண் வரிசையை மட்டுமே பார்க்கிறது. அதில் ளகரம் ழகரத்துக்கு முன்பும், னகரம் நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. உறுப்பினர் பட்டியலோ நூலகப் பட்டியலோ வைத்திருப்பவருக்கு இந்தக் குறை பெரிது, கடிதம் எழுதுபவருக்குப் பொருட்டில்லை.

பிறகு கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து வெற்று உரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரியும் பிடிஎஃப், ஒட்டும்போது கொம்புகள் இடம் மாறிக் குழம்புவதுண்டு. அத்தகைய கோப்பில் தேடுதல் வேலை செய்யாது, பார்வையற்றோருக்கான திரைபடிப்பானும் அதைப் படிக்க முடியாது. மின்னூல் வெளியிடுபவர்கள் இந்த ஒரு சோதனையைத் தவறவிடவே கூடாது.

பழைய கோப்புகள் உள்ள அலுவலகங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை உண்மையில் ரோமன் எழுத்துக் குறிகளே. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். அது புதிய மென்பொருளின் குற்றமன்று. மாறுவதற்கு முன்பே அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லதா, விஜயா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு வருபவை. லினக்ஸில் அவை இல்லாததால் வேறொன்று அந்த இடத்தில் வந்து, பத்து பக்க ஆவணம் பதினொன்றாகலாம். நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவை எல்லாக் கணினிகளிலும் நிறுவி அதிலேயே ஆவணங்களை வைத்திருப்பது நிலையான தீர்வு.

வெளியே வரும் வழி

ஒரு மென்பொருளில் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம், அதிலிருந்து எல்லாத் தரவையும் வெளியே எடுத்துப் பார்ப்பது. சில பதிவுகளை இட்டு, ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து, எது விடுபட்டது என்று ஒப்பிடுங்கள். ஆவணங்களுக்கான திறந்த வடிவமான ஓடிஎஃப் 2006 முதல் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டு அமைப்பின் தரமாக இருக்கிறது. எனவே லிப்ரே ஆபீஸிலிருந்து வெளியேறுவது எளிது. கணக்குப்பதிவில் நிலைமை வேறு. ஜிஎன்யூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் வீட்டுக்கணக்குக்கும் சிறு சங்கத்தின் கணக்குக்கும் நன்றாகப் பயன்படும்; ஆனால் மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் நிறுவன மேலாண்மை மென்பொருளில் இந்திய வரி விதிகளுக்கான துணைநிரல் இருக்கிறது. அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் எடுக்கலாம். ஆள் இல்லாவிட்டால் தணிக்கையாளருக்குப் பழகிய மென்பொருளிலேயே இருங்கள். கட்டற்ற மென்பொருளின் மீது எவ்வளவு பற்று இருந்தாலும் இந்த இடத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டியது அதுதான்.

விளையாட்டுகள்

விளையாட்டைத் தேர்வு செய்யும்போது உரிமத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் நிரலுக்கு ஓர் உரிமமும் படங்களுக்கும் இசைக்கும் வேறோர் உரிமமும் இருப்பது இங்கே வழக்கம். டூம் விளையாட்டின் மூலநிரல் 1997-இல் வெளியிடப்பட்டது. அதன் களங்களும் படங்களும் இன்றும் விலைக்கு உரியவை, அவற்றுக்குப் பதிலாக ஃப்ரீடூம் என்ற திட்டம் கட்டற்ற களங்களைத் தருகிறது. ஓப்பன்டிடிடி என்னும் போக்குவரத்து விளையாட்டும் தொடக்கத்தில் தான் பின்பற்றிய மூல விளையாட்டின் கோப்புகளைக் கேட்டது, 2010-இன் 1.0 பதிப்பிலிருந்து கட்டற்ற படங்களோடு தானே இயங்குகிறது. வீட்டில் விளையாட மட்டும் என்றால் இந்த வேறுபாடு பெரிதாக இடிக்காது. பள்ளியில் நிறுவுவதற்கும் படங்களை எடுத்துப் பயன்படுத்துவதற்கும் அது முக்கியம்.

சேர்ந்து விளையாடும் விளையாட்டென்றால், நீங்கள் விளையாடும் மாலை நேரத்தில் வழங்கிகளின் (ஆட்டத்தை நடத்தும் கணினிகளின்) பட்டியலைத் திறந்து ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். சிறந்த விளையாட்டும் ஆளில்லாவிட்டால் பயனில்லை. சூப்பர் டக்ஸ்கார்ட் என்னும் வண்டிப் பந்தயத்தை ஒரே கணினியில் திரையைப் பிரித்தும் விளையாடலாம் என்பதால் வீட்டுக்கு நல்லது. 0 ஏ.டி. என்னும் போர் வியூக விளையாட்டு பழைய மடிக்கணினியில் படை பெருகப் பெருகத் திணறும். பத்து நிமிட ஓட்டத்தை வைத்து முடிவு செய்யாமல் ஒரு முழுப் போரை ஆடிப் பாருங்கள். மைன்டெஸ்ட் என்று அறியப்பட்டு 2024 அக்டோபரில் லுவாண்டி எனப் பெயர் மாறிய கட்டுமான விளையாட்டைப் பிள்ளைகளுக்கு நிறுவும்போது, பொது வழங்கிகளில் முன்பின் அறியாதோர் உரையாட முடியும் என்பதால் வீட்டு வலையமைப்பில் சொந்த வழங்கியை வைத்துத் தொடங்குங்கள். சிறு குழந்தைகளுக்குக் கற்றல் விளையாட்டுத் தொகுப்பான ஜிகாம்ப்ரியும் ஓவியச் செயலியான டக்ஸ் பெயிண்ட்டும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கவை. விளம்பரம் இல்லை, வாங்கச் சொல்லித் தூண்டுவதும் இல்லை.

ஒரு மாத ஓட்டம்

இவற்றில் தேறிய மென்பொருளைப் பழையதை நீக்காமல் அதனோடு சேர்த்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அந்த மாதத்தில் மாதக்கடைசி வேலை ஒன்று, அவசர வேலை ஒன்று, வெளியாளுக்குக் கோப்பு அனுப்பும் வேலை ஒன்று கட்டாயம் வர வேண்டும். அலுவலகம் முழுவதையும் மாற்றுவதாக இருந்தால் செயலிகளை முதலிலும் இயங்குதளத்தைப் பின்னரும் மாற்றுங்கள். பிரான்சின் ழாந்தார்மரி காவல்படை 2005-இல் ஓப்பன் ஆபீஸுக்கும், அடுத்து ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டுக்கும் மாறி, ஊழியர்கள் அவற்றில் பழகியபின் 2008 முதல் உபுண்டுவுக்குச் சென்றது. கீழே இயங்குதளம் மாறியபோதும் அவர்கள் நாள்தோறும் திறக்கும் செயலிகள் மாறவில்லை.

இந்த மாதத்தில் ஒரு வழுவையாவது திட்டத்தின் வழுப் பட்டியலில் பதிவு செய்யுங்கள். தமிழ் எழுத்துச் சிக்கலாக இருந்தால் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), எழுத்துருவின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வேறு வழியில்லை. எப்படிப் பதில் வருகிறது என்பது, அந்தக் குழுவோடு வரும் ஆண்டுகளில் உங்கள் உறவு எப்படி இருக்கும் என்பதையும் காட்டிவிடும். விலைமென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்டிய தொகையில் ஒரு பங்கை, பயிற்சிக்கு ஒதுக்கியது போக, திட்டத்துக்கு நன்கொடையாக ஒதுக்குமாறு அலுவலக நிர்வாகத்திடம் கேளுங்கள். தனி ஒருவரே சுமந்த கருவி என்ன ஆனது என்பதை மேலே பார்த்தோம்.

மாத முடிவில் முதல் தாளை எடுத்து, எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே முடிந்தது, சுற்றுவழியில் முடிந்தது, முடியவில்லை என்று குறியுங்கள். அன்றாட வேலை ஒன்றுக்காவது "முடியவில்லை" என்று வந்தால் அந்த மென்பொருளை இப்போதைக்கு விட்டுவிட்டு, அதன் அடுத்த பெரிய பதிப்பு வரும் தேதியைத் தாளின் அடியில் எழுதிவைத்து, அன்று அந்த ஒரு வேலையை மட்டும் மறுபடி சோதித்துப் பாருங்கள்.